தோட்டத்துக் கேள்விகள்: முருங்கையை வெட்டச் சொல்கிறார்கள்!

கேள்வி: வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எட்டு வருஷத்து முருங்கை நிற்கிறது. மழை ஆரம்பித்ததிலிருந்து காலையில் பார்த்தால் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. துணியில் விழுந்து பேரனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. "வெட்டித் தள்ளுங்க" என்கிறார்கள். காக்கா, குருவி எதுவும் இதைத் தின்னாதா? — ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. வாசலில் முருங்கை வைக்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வதற்குப் பேயைக் காரணம் காட்டுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பேய்க்கு உடம்பெல்லாம் மயிர் இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

முதலில் பேரன். தடித்த இடத்தைத் தேய்க்க விடாதீர்கள். தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே போகும். பார்சல் ஒட்டுகிற செலோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி, வெடுக்கென்று உரித்து எடுங்கள். நாலைந்து முறை புதுத் துண்டால் செய்தபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெற்றிலைச் சாறு போடுவதென்றால் அதற்கு அப்புறம் போடலாம். கண்ணில் பட்டிருந்தால் கைவைத்தியம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி மரம். இந்தப் புழு ராத்திரியில் மேலே ஏறி இலையையும் பட்டையையும் சுரண்டித் தின்னும். விடிந்ததும் அடிமரத்துக்கு இறங்கி, ஒன்றோடு ஒன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். நிறமும் பட்டை நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்குச் சொறி பிடித்த மாதிரிதான் தெரியும். பலரும் அதைத் தெரியாமல் கை வைத்துவிட்டு அலறுவார்கள். ஆனால் நமக்கு வசதியே இந்தப் பழக்கம்தான். மரம் முழுக்கத் தேட வேண்டியதில்லை, எல்லாம் ஒரே இடத்தில், இடுப்பு உயரத்தில் கிடைக்கின்றன.

தீப்பந்தத்தால் பொசுக்கச் சொல்வார்கள். புத்தகத்திலும் இருக்கிறது, நானும் விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டு மரத்திலேயே செய்துகாட்டினேன். பந்தத்தை ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டேன். புழு செத்தது சரி, பட்டையும் வெந்து அந்த இடத்திலிருந்து மாசக்கணக்கில் பிசின் வடிந்தது. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். வீட்டு மரத்துக்கு இது வேண்டாம். பத்து மணிக்குள், முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைத் துணியால் கட்டி, காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள். அகலமான வாளியில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பழைய தென்னந்துடைப்பத்தால் மேலிருந்து கீழாக வழித்து அதில் தள்ளுங்கள். வாளியைத் தெருவில் கொட்டாமல் குழியில் ஊற்றி மண்ணைப் போட்டு மூடுங்கள். புழு சின்னதாக இருக்கும்போதே கவனித்தால், லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்துத் தெளித்தாலே போதும். கடையில் கொடுக்கிற பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். கீரை நேராகச் சட்டிக்குப் போகிற மரம் அது.

பறவை விஷயம். காக்கா, சிட்டுக்குருவி இதன் பக்கம் போகாது. ஆனால் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று, சுடலைக்குயில், இதைத்தான் தேடி வரும். அக்காக்குருவியும் அப்படித்தான். தோட்டத்து முருங்கையில் சுடலைக்குயில் தின்னும் விதத்தை நின்று பார்த்திருக்கிறேன். புழுவை ஒரு முனையில் கவ்வி, அலகால் நசுக்கிக்கொண்டே மறுமுனை வரை கொண்டுபோகும், நாம் பற்பசைக் குழாயைப் பிதுக்குகிற மாதிரி. குடல் வெளியே வந்து விழும். அதில்தான் விஷம். அப்புறம்தான் விழுங்கும். அக்காக்குருவி, வயிற்றில் தங்குகிற மயிரைப் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும்.

இந்தச் சுடலைக்குயில் தானாகக் கூடு கட்டாது, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும். தவிட்டுக்குருவிக்குப் புதர் வேண்டும், வேலி வேண்டும். முள்வேலியை எடுத்துவிட்டு எல்லாரும் கம்பி போட்டாயிற்று. பிறகு "பறவையே காணோம்" என்றால் எப்படி?

அடுத்த வருஷத்துக்கு ஒன்று. புழு முற்றியதும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். அது போனபின் மரத்தைச் சுற்றி மேலாக, வேர் அறுபடாமல் கொத்திவிட்டு நாலு கோழியை அவிழ்த்து விடுங்கள். அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. மழை விழுந்ததும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் பெரிய அந்துப்பூச்சிகள் வெளிவந்து விளக்கைச் சுற்றும். அந்த வாரத்தில் இலைகளையும் இளங்குச்சிகளையும் பாருங்கள், முட்டைகள் குவியலாக இருக்கும். இலையோடு கிள்ளி அழித்தால் வாளிக்கு வேலையில்லை.

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு. இரண்டின் மேல் அரிசி மாதிரி வெள்ளையாக முட்டை ஒட்டியிருக்கிறது. பெருகிவிடும் என்று நசுக்கிவிட்டேன். சரிதானே? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தவறு செய்துவிட்டீர்கள் சார். புழு முட்டையிடாது, பட்டாம்பூச்சியான பிறகுதான் இடும். நீங்கள் பார்த்தது குட்டிக் குளவியின் கூடுகள். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அந்த வெள்ளைக் கூட்டை நூற்கும். அதற்குப் பிறகு அந்தப் புழு பிழைக்காது. இனி அப்படிப் பார்த்தால் செடியிலேயே விட்டுவிடுங்கள், வெளிவருகிற குளவிகள் மற்ற புழுக்களைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளை இல்லாத புழுவை மட்டும் பொறுக்குங்கள். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: தென்னையில் கருந்தலைப்புழு. மட்டை தீய்ந்த மாதிரி இருக்கிறது. இந்தப் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வாங்கி வந்து ஆள் ஏற்றிக் குருத்துப் பக்கம் விட்டோம். பலன் இல்லை. — ஒரு விவசாயி, பொள்ளாச்சி

பதில்: ஏன் ஏற்றினீர்கள்? ஆள் கூலியும் போச்சு. கொண்டைப் பகுதியில் சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் காத்திருக்கும். நீங்கள் விட்ட ஒட்டுண்ணி அவற்றுக்கு விருந்தாகியிருக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தண்டில் விடுங்கள், அதுவே ஏறிப் போய்ப் புழுவைக் கண்டுபிடிக்கும். மருந்து அடித்திருந்தால் மூன்று வாரம் பொறுத்து விடுங்கள். அதிகம் தீய்ந்த அடிமட்டைகளை வெட்டி எரித்துவிட்டால், மீதியை அது சமாளிக்கும்.