டெம் கோப்பிலிருந்து கோஆர்டினேட் எடுப்பது: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: தொட்டபெட்டா உச்சியில் க்ளிக் செய்தால் 2637 மீட்டர் வரவில்லை, குறைவாகவே காட்டுகிறது. நான் இறக்கிய எஸ்ஆர்டிஎம் கோப்பு பழுதா?

பழுதில்லை. எஸ்ஆர்டிஎம் என்பது ஒரு டெம், அதாவது தரையின் உயரத்தைப் பிக்சல் பிக்சலாகத் தரும் கோப்பு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்த உயரங்கள் இவை. ஒரு பிக்சல் தரையில் சுமார் 30 மீட்டர். அந்தச் சதுரம் முழுவதற்கும் ஒரே ஒரு எண்தான். கூரான உச்சி, சுற்றியுள்ள சரிவோடு சேர்ந்து மழுங்கிவிடும். மரம் இருந்தால் ரேடார் பெரும்பாலும் இலைப் பரப்போடு நின்றுவிடும், அங்கே எண் கூடும். இந்தத் தரவுக்கு வகுத்த உயரத் துல்லிய இலக்கே 16 மீட்டர்தான்.

ஓர் இடம் மட்டும் போதுமென்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐடென்டிஃபை கருவியால் க்ளிக் செய்யுங்கள். உயரம் மேலே வரும், எக்ஸ், ஒய் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) இரண்டும் 'டிரைவ்டு' பகுதியில் இருக்கும். அந்த எக்ஸ், ஒய் நீங்கள் க்ளிக் செய்த புள்ளியுடையது, பிக்சலின் நடுப்புள்ளி அல்ல.

கேள்வி: முழு டைலையும் (டெம்மின் ஒரு துண்டு) எக்ஸ், ஒய், இசட் (உயரம்) பட்டியலாக்கி எக்செலில் திறந்தேன். பாதிக்கு மேல் காணோம்.

பாதியா? பன்னிரண்டில் ஒரு பங்குகூட உங்களுக்கு வந்திருக்காது. ஒரு டைலில் 3601 வரிசை, 3601 நெடுவரிசை. பெருக்கினால் சுமார் 1.3 கோடி புள்ளிகள். எக்செல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. முதலில் உங்களுக்கு வேண்டிய எல்லைக்கு டெம்மை வெட்டுங்கள். பிறகு ப்ராசஸிங் டூல்பாக்ஸில் 'ராஸ்டர் பிக்சல்ஸ் டு பாயின்ட்ஸ்' ஓட்டினால் ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் ஒரு புள்ளி விழும், உயரம் அதன் அட்டவணையில் இருக்கும். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது 'ஜியோமெட்ரி' என்ற இடத்தில் 'ஏஎஸ்_எக்ஸ்ஒய்' தேர்ந்தெடுங்கள்.

கிணறு, மைல்கல் என்று உங்களிடம் ஏற்கெனவே புள்ளிகள் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். 'சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ்' போதும், அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் உயரம் கிடைக்கும்.

கேள்வி: மீட்டரில் எடுத்தால் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறதே!

இரண்டு யூடிஎம் மண்டலங்களைக் கலந்துவிட்டீர்கள். யூடிஎம் என்பது பூமியை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மீட்டரில் அளக்கும் முறை. கிழக்கு 78 டிகிரிக் கோடு இவ்விரு ஊர்களுக்கும் நடுவே போகிறது. திண்டுக்கல் 43 வடக்கு, மதுரை 44 வடக்கு. முதல் மண்டலத்தில் திண்டுக்கல்லின் கிழக்களவு (கிழக்குத் திசையில் மீட்டர் கணக்கு) சுமார் 8,26,000. அடுத்ததில் மதுரைக்குச் சுமார் 1,84,000. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஊர் எங்கேயோ போகத்தான் செய்யும். வேலை முழுவதற்கும் ஒரே மண்டலத்தை (மென்பொருளில் அதன் இபிஎஸ்ஜி எண் 32643 அல்லது 32644) வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைச் சற்றுத் தாண்டுவதால் குடி முழுகிவிடாது.

இன்னொன்று: டெம்மையே யூடிஎம்-க்கு மாற்றிவிட்டுப் புள்ளி எடுக்காதீர்கள். மாற்றும்போது பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படும். 412 என்ற முழு எண் 412.37 ஆகிவிடலாம், பார்ப்பவர் அதைச் சென்டிமீட்டர் துல்லியம் என்று நம்பிவிடுவார். மூலக் கோப்பில் புள்ளி எடுத்து, பிறகு புள்ளிகளை மாற்றுங்கள். உயரம் அப்படியே இருக்கும்.

கேள்வி: கார்ட்டோசாட் (இந்தியச் செயற்கைக்கோள்) டெம்மில் சென்னைக் கடற்கரை மைனஸ் எண்பதுகளில் காட்டுகிறது. கடலுக்குள் போய்விட்டோமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது என்பதில்தான் சூட்சுமம். கார்ட்டோ டெம்மின் உயரம் டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டகத்திலிருந்து, அதாவது பூமிக்குக் கணிதம் கொடுத்த வழவழப்பான உருவத்திலிருந்து. எஸ்ஆர்டிஎம்-இன் உயரம் இஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரியிலிருந்து, ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்து. நம் பகுதியில் இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது. உலகிலேயே ஜியாய்டு ஆழமாகக் குழிந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், அங்கே 100 மீட்டருக்கும் மேல். தமிழ்நாடு அந்தக் குழியின் விளிம்புச் சரிவில் இருப்பதால் இங்கேயும் 80 முதல் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

நீள்வட்டக உயரத்திலிருந்து ஜியாய்டு எண்ணை (ஜியாய்டு நீள்வட்டகத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்பது) கழித்தால் கடல்மட்ட உயரம். உதாரணமாக டெம் மைனஸ் 80, அந்த இடத்தின் ஜியாய்டு மைனஸ் 86 என்றால், விடை 6 மீட்டர். மைனஸைக் கழித்தால் கூடும் என்பதை மறந்து 166 மீட்டர் பள்ளம் கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் டெம் இஜிஎம்2008 என்ற இன்னொரு ஜியாய்டு மாதிரியைப் பின்பற்றுவது. எனவே இரண்டு டெம்களைக் கழித்துப் பார்க்குமுன் இரண்டும் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று விவரக்குறிப்பைப் படியுங்கள்.

கேள்வி: என் புள்ளிகள் எல்லாம் வடதுருவப் பக்கம் போய் விழுகின்றன.

அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன. மென்பொருளுக்கு எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, கோவைக்கு 77. நாம் வாயால் சொல்வது '11, 77' என்ற வரிசையில். அதே வரிசையில் நானும் ஒருமுறை இட்டு, கோவையை ஸ்வால்பார்ட் பக்கத்துக் கடலில் இறக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் கொள்ளளவை டெம் புள்ளிகளிலிருந்து கணக்கிடலாமா?

தண்ணீருக்கு அடியில் இருப்பதை ரேடார் பார்க்கவில்லை. அத்துடன் எஸ்ஆர்டிஎம்-ஐச் சீர்செய்தபோது 600 மீட்டருக்கு மேல் நீளமான ஏரிகளை ஒரே மட்டமாகத் தட்டையாக்கிவிட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது நீர்ப்பரப்பின் உயரம் மட்டும்தான். ஏரி வற்றும் கோடைவரை பொறுத்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியோடு உள்ளே இறங்கி அளந்துவிடுங்கள்.