கரிசல் மனையில் செப்டிக் டேங்க்: முன்பணத்துக்கு முன்னால் ஒரு குழி

கேள்வி: மானூர் பக்கம் 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். கரிசல் மண். ஊராட்சிப் பகுதி, பாதாளச் சாக்கடை கிடையாது. “நாலு உறை (சிமெண்டு வளையம்) இறக்கினால் போதும், ஆயுசுக்கும் நிரம்பாது” என்கிறார் புரோக்கர். சித்திரையில் எங்களைக் கூட்டிப்போய், சின்னக் குழி வெட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே போய்விட்டது. பக்கத்து மனையில் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, நாங்களும் ஒன்று போட வேண்டும். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மனை மோசம் என்று சொல்லவில்லை. உங்களுக்குக் காட்டியது சோதனையே இல்லை என்கிறேன்.

கோடையில் கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். மேலே விரல் நுழைகிற வெடிப்பு கீழே பல அடி ஓடும். அதில் ஒரு குடம் என்ன, பத்துக் குடம் ஊற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். மண் அதை உறிஞ்சவில்லை, தண்ணீர் வெடிப்புக்குள் விழுந்தது, அவ்வளவுதான். ஐப்பசி மழை இறங்கியதும் இதே மண் ஊதி, வெடிப்பு முழுவதும் மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் ஒரு நாள் முழுக்க அங்கேயே நிற்கும். நீங்கள் குடியேறிய பிறகு 5 பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் தினமும் 500 லிட்டர் அந்தக் குழிக்குப் போகும். குழியைச் சுற்றியுள்ள மண்ணுக்கு வருஷம் பூராவும் கார்த்திகை மாதம்தான். மனை விற்பவர்கள் கரிசலைச் சித்திரையில் காட்டுவதும், நஞ்சையை நிரப்பிய மனையை வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதத்தில் காட்டுவதும் தெரியாமல் செய்கிற வேலை இல்லை.

நீங்களே சோதிக்கலாம். செலவு ஓர் ஆள் கூலிதான். மூன்றடி ஆழத்துக்கு, ஓரடிக்கு மேல் அகலம் போகாமல் குழி வெட்டுங்கள். மம்பட்டி பட்டு வழவழப்பான பக்கங்களைக் கம்பியால் கீறிவிட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சின்ன ஜல்லி போடுங்கள். ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குறையக் குறைய நிரப்பி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கரிசல் என்பதால் இரண்டு ராத்திரி விட்டாலும் நல்லதே. மறுநாள் ஜல்லிக்கு மேலே ஆறு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிஷத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி, அதாவது தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடுகிற குழி, தாங்கும். 30-லிருந்து 60 என்றால் குழி ஆகாது, ஆழமில்லாத நீளமான வடிகால் பாத்திதான் வெட்ட வேண்டும். 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி கழிவுநீரை விடவே முடியாது. மனையின் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். மேலே சரள் அடித்து மேடாக்கியிருந்தால், அதைத் தாண்டி அசல் மண்ணில் வெட்டினால்தான் கணக்கு.

இனி அந்த “நாலு உறை”. அடி பூசாத சிமெண்டு உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி மூடி போட்டால் அது செப்டிக் டேங்க் ஆகாது, அது மலக்குழி. செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் கசியாமல் பூசிய, உள்ளே தடுப்புச் சுவர் உள்ள தொட்டி. மலம் அடியில் தங்கும், நீர் மட்டும் வெளியே வரும். அந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதில் இருக்கும். அதை வடிகட்டிக் கொல்ல வேண்டியது மண். அதனால்தான் மண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

உறை நிரம்பி வழிந்தால் இதே ஆட்கள் வந்து, “குழிக்குள் ஒரு போர் போட்டுவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது” என்பார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கழிவை நேராக நிலத்தடி நீரில் விடுகிற வேலை அது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் குடிப்பார், நீங்களும் குடிப்பீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பக்கத்தில் அது அடிக்கடி வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மேலே நாலைந்து அடி கரிசல் இருந்து, அதற்குக் கீழே சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) உதிரும் பாறையோ தட்டலாம். அந்த அடுக்கு தண்ணீரை வாங்கிக்கொள்ளும். “கரிசலாவது ஒன்றாவது, சுக்கான் வரை இறக்கினால் போதும்” என்று கொத்தனார் சொல்வது இதை வைத்துத்தான். அவர் சொல்வதில் பாதி உண்மை. சுக்கான் பொடியாக, மண் கலந்து இருந்தால் அது வடிகட்டும், அங்கே சோதித்து நல்ல அளவு வந்தால் ஏற்கலாம். கட்டியாக, இடுக்கு இடுக்காக இருந்தால் தண்ணீர் வேகமாகப் போகும், ஆனால் வடிபடாமல் போகும். உங்கள் போருக்கு நீர் வருவதும் அதே இடுக்கு வழியாக இருக்கலாம். எடுத்த துண்டைக் கையில் நசுக்கிப் பாருங்கள்: பொடிந்தால் யோசிக்கலாம், பொடியாவிட்டால் வேண்டாம். பொடிந்தாலும் குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் மண்ணாவது வேண்டும். பக்கத்துத் தோட்டக் கிணற்றைக் கார்த்திகையில் எட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்த மட்டத்தைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது போர். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. 5 சென்ட் என்பது சுமார் 40-க்கு 54 அடி. மூலைக்கு மூலை அளந்தாலே 67 அடிதான். ஆக, போர் ஒரு கோடி மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால் மட்டுமே உங்கள் மனைக்குள் கணக்கு ஒத்துவரும். அந்த எதிர் மூலைக்குப் பக்கத்திலேயே அடுத்த வீட்டு போர் இருந்தால் அதுவும் போச்சு. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் இதை அளங்கள்.

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா என்று கேட்பீர்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது சாலை அகலம் பார்க்கிறார்கள், பூங்காவுக்கு இடம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மனையிலும் குழி வெட்டி மண்ணைப் பார்ப்பவர் யார்? 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்றில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, சந்தோஷம். ஆனால் வரைபடத்தில் செப்டிக் டேங்க் என்று ஒரு கட்டம் போட்டால் வேலை முடிந்தது. கட்டத்துக்கு அடியில் கரிசலா பாறையா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. நிரம்பி வழிகிற அன்றைக்கு ஊராட்சியில் போய் நின்றால், “உங்கள் மனை, உங்கள் பொறுப்பு” என்று பதில் வரும்.

மண் தேறவில்லை என்றாலும் வீடு கட்ட முடியும். கசியாத தொட்டி, அடுத்து கழிவுநீர் கீழிருந்து மேலாக ஏறி வருகிற ஜல்லி அறை, அப்புறம் தளம் பூசிய மேட்டுப் பாத்தியில் கல்வாழை. இதற்குச் செலவு கூடும், இடமும் போகும். தொட்டியைக் காலி செய்ய லாரி வந்து நிற்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உயிர் போகிற வேலை அது.

புரோக்கரிடம் சண்டை வேண்டாம். “ரெண்டு நாள் குழி ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் தருகிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். நியாயமான ஆளாக இருந்தால் சரி என்பார். “இன்றைக்கே வேறு பார்ட்டி வருகிறது” என்றால், அந்தப் பார்ட்டிக்கே கொடுக்கட்டும். சோதனையில் மண் தேறாமல் போனால், மேட்டுப் பாத்திக்கு ஆகும் செலவைக் கொத்தனாரிடம் எழுதி வாங்கி, அதை மனை விலையில் கழித்துக் கேளுங்கள்.