ஒரு துளி ரத்தமும் தங்கத் துகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியும் பயோசென்சார்தான், அதாவது நொதி, ஆன்டிபாடி போன்ற உயிர்ப்பொருளைக் கொண்டு ஒரு மூலக்கூறை அளக்கும் கருவிதான். நானோ பொருள் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர் கணக்கில் அளக்கும் மிகச் சிறிய பொருள்) எதுவும் இல்லாமலேயே அது பல்லாண்டுகளாக வேலை செய்து வந்திருக்கிறதே, அம்மா. பிறகு பயோசென்சாரில் நானோ பொருளைச் சேர்க்கும் ஆராய்ச்சி எதற்கு?
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

நியாயமான கேள்வி, ஐயா. 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை மின்முனையோடு சேர்த்து அளக்கும் வழியை வெளியிட்டபோது, நானோ என்ற பேச்சே இல்லை. ஆனால் குளுக்கோஸ் நமக்கு எளிதாக வாய்த்த மூலக்கூறு. ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது. நொதியும் ஒரு மூலக்கூறை முடித்த கையோடு அடுத்ததைப் பிடித்து, சமிக்ஞையைத் தானே பெருக்கித் தருகிறது.

மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின்-டி புரதத்துக்கு வாருங்கள். உயர் உணர்திறன் சோதனையில் லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே மருத்துவர் கவனிக்க வேண்டும். எடைக்கணக்கில் குளுக்கோஸைவிட ஏழு கோடி மடங்கு குறைவு! இங்கே பெருக்கித் தர நொதியும் இல்லை. குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் ஆன்டிபாடி, ட்ரோபோனினைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். அது பிடித்தது என்ற செய்தியை நம் காதுக்குக் கொண்டுவர வேண்டும். நானோ பொருளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: பொருளைச் சிறிதாக்கினால் உணர்திறன் ஏன் கூட வேண்டும்?
– இளநிலை இயற்பியல் மாணவி

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். ஆன்டிபாடியை ஒட்டிவைக்க அவ்வளவு இடம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் அளவுப் பொருத்தம். புரதங்கள் சில நானோமீட்டர் அகலம் கொண்டவை. தடித்த கம்பியின் மேல் ஒரு புரதம் வந்து உட்கார்ந்தால், உள்ளே ஓடும் மின்னோட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. கம்பியும் சில நானோமீட்டர் தடிமன்தான் என்றால், புரதத்தின் மின்னூட்டம் கம்பியின் உட்புறம் வரை எட்டுகிறது. 2001-இல் வேதியியலாளர் சார்லஸ் லீபரின் குழு சிலிக்கான் நானோ கம்பியில் இதைச் செய்து காட்டியது. ஒற்றை அணு தடிமன் கொண்ட கார்பன் தாளான கிராஃபீனில் உட்புறமே கிடையாது. எல்லா அணுவும் மேற்பரப்பில்தான்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலெக்ட்ரான் பிறக்கும் இடம் புரதத்தின் ஆழத்தில் புதைந்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் கயிறு எட்டாத நிலை. 2003-இல் வேதியியலாளர் இட்டமார் வில்னரின் குழுவினர் 1.4 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றை எடுத்து, அதில் நொதிக்குள் எலெக்ட்ரானை ஏந்தும் எஃப்ஏடி என்ற துணைக்காரணியைப் பொருத்தி, அதைச் சுற்றி நொதியை மறுபடி அமரவைத்தார்கள். தங்கம் உள்ளிருந்து மின்முனைக்கு எலெக்ட்ரானைக் கடத்தியது. இயல்பாக ஆக்சிஜனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 700 எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் நொதி, தங்கத்தின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 5,000 கொடுத்தது. இயற்கை அமைத்த நொதிக்கு மனிதர் இவ்வளவு நேர்த்தியாக ஒரு கம்பி இணைப்புக் கொடுக்க முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கேள்வி: கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு தங்கம் என்கிறார்களே, உண்மையா?
– இல்லத்தரசி

பல பட்டைகளில் உண்மைதான். சில பத்து நானோமீட்டர் அளவில் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை, செந்நிறமாகிவிடுகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆன்டிபாடி பூசிய துகள்கள் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு கோட்டில் வந்து சேரும்போது, கருவி எதுவும் இன்றிக் கண்ணுக்கே விடை தெரிகிறது. நானோ பொருள் மக்கள் கைக்கு வந்து சேர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: "ஒரே ஒரு மூலக்கூறைக்கூடக் கண்டுபிடிக்கும்" என்று அடிக்கடி செய்தி படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே?
– மருத்துவமனை ஆய்வகப் பணியாளர்

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. மின்முனைகளோடு பல ஆண்டுகள் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை தூய உப்புக் கரைசலில் கிடைத்த முடிவுகள். ரத்தம் வேறு உலகம்.

ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டுமே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. நாம் தேடும் புரதம் வருவதற்குள் அது மேற்பரப்பு முழுவதும் படிந்துவிடுகிறது. அடுத்து, ரத்தத்திலுள்ள உப்பு அயனிகள் மின்னூட்டத்தை முக்கால் நானோமீட்டர் தூரத்துக்குள்ளேயே மறைத்துவிடும். ஆன்டிபாடியோ 10 நானோமீட்டர் உயரம். அதன் நுனியில் மாட்டியிருக்கும் புரதத்தை நானோ கம்பி எப்படி உணரும்? ஆகவே மாதிரியை நீர்க்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் மூலக்கூறுகளும் அருகிப்போகின்றன.

சிறிதாக்குவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு ஃபெம்டோமோலார் என்ற மிக மிகக் குறைந்த செறிவில் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 600 மூலக்கூறுகளே இருக்கும். அவை தற்செயலாக அலைந்து ஒற்றை நானோ கம்பியை வந்து தொட மணிக்கணக்காகும். மாரடைப்பு நோயாளிக்கு அவ்வளவு நேரம் ஏது? அதனால் காந்தத் துகள்களை மாதிரிக்குள்ளேயே கலந்து, புரதத்தைப் பிடிக்கவிட்டு, காந்தத்தால் இழுத்து வருவதையே நான் நம்புகிறேன். செய்தியாளர்களுக்கு அது பழைய கதையாகத் தோன்றலாம். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் அது வேலை செய்கிறது.

கேள்வி: முதுநிலைத் திட்டப்பணிக்கு கிராஃபீனா, கார்பன் நானோ குழாயா, எதை எடுக்கலாம்?
– உயிரித் தொழில்நுட்ப மாணவர்

பொருளைத் தள்ளிவையுங்கள், தம்பி. எந்த மூலக்கூறு, எந்தத் திரவத்தில், எந்தச் செறிவில் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு அதை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியையோ, அதுபோலவே பிடிக்கும் சிறு டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழையான அப்டாமரையோ தேடுங்கள், ஏனென்றால் கிராஃபீனுக்கு ட்ரோபோனினும் அல்புமினும் ஒன்றுதான். ஒற்றைச் சுவர் நானோ குழாய்களை வழக்கமான முறையில் தயாரித்தால் மூன்றில் ஒரு பங்கு உலோகத்தன்மையோடும் மீதி குறைக்கடத்தியாகவும் கலந்து வரும். பிரித்தெடுக்க வசதி இல்லையென்றால் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விடை சொல்லும். திரை அச்சில் தயாரான கார்பன் மின்முனையும் தங்கத் துகளும் உங்களுக்குப் போதும். முதல் வாரமே ஆன்டிபாடி இல்லாத மின்முனை ஒன்றை, நீங்கள் சோதிக்கப்போகும் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தில்) வைத்து அளந்துவிடுங்கள். அதிலும் சமிக்ஞை எழுந்தால், மேற்பரப்பை மூடும் பூச்சைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.