மகன் விமானம் ஓட்டுகிறான், எனக்குத் தூக்கம் போச்சு

கேள்வி: என் மகன் போன மாதம்தான் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினான். சின்ன விமானங்கள் இறங்கும்போது மூக்கு உடைந்து கிடக்கிற படங்களைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. புதியவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது? அடுத்த வாரம் என்னையும் கூட்டிப் போகிறானாம்.
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சின்ன விமான விபத்துகளில் இறங்கும்போது நடப்பவை நிறைய, ஆனால் அவற்றில் உயிர் போவது குறைவும்மா. பெரும்பாலும் சக்கரமும் ப்ரொப்பெல்லரும்தான் போகும்.

முக்கியமான காரணம் வேகம். செஸ்னா 172 என்கிற சின்ன விமானம் ரன்வேயை நெருங்கும்போது 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் இருந்தால் போதும். கூட வேகம் இருந்தால் நல்லது என்று நினைத்துப் புதியவர் 75-ல் வருவார். பத்துதானே என்று தோன்றும், ஆனால் விமானத்தின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், ரன்வே தீர்ந்துகொண்டே வரும், பொறுமை போய் மூக்கை அமுக்குவார், முன்சக்கரம் முதலில் இடித்துத் துள்ளும், மறுபடி அமுக்க மறுபடி துள்ளும், இரண்டாவது மூன்றாவது துள்ளலில் முன்சக்கரத்தின் கால் மடங்கிவிடும்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். லைசென்ஸ் வாங்கிய மூன்றாம் வாரம், வேலியோரம் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் துள்ளலிலேயே இன்ஜின் வேகத்தைக் கூட்டுகிற த்ராட்டிலை முழுசாகத் தள்ளி மேலே போயிருக்க வேண்டும். அப்பா முன்னால் எப்படித் திரும்பப் போவது என்று அமுக்கினேன். ப்ரொப்பெல்லர் நுனி இரண்டும் காய்ந்த வாழையிலை மாதிரி சுருண்டுபோனது. ராயபுரம் வீடு வந்து சேரும் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

காசிமேட்டில் அலை சரியில்லை என்றால் படகுக்காரர் வெளியிலேயே கொஞ்சம் நின்று பார்த்துத்தான் உள்ளே வருவார், அவரை யாரும் குறை சொல்வதில்லை. விமானத்தில் மட்டும் மேலே போய் ஒரு சுற்று சுற்றி வருவது ஏன் அவமானமாகத் தெரிகிறதோ, எனக்கு அது பெரிய வருத்தம்.

அதனால் நீங்கள் தாராளமாகப் போங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளலாம், காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். இறங்கப்போகிற அஞ்சு நிமிஷம் அவனிடம் எதுவும் பேசாதீர்கள். தொடாமலே மேலே தூக்கினான் என்றால், "ஏன்டா இறங்கல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.