பிரீமியர் லீக்குக்கு ஏறிய கிளப்பின் பணம் எங்கே போகிறது? கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்று கிளப்புகள் பிரீமியர் லீக்குக்கு ஏறுகின்றன. மூன்று கிளப்புகள் இறங்குகின்றன. ஏறியவர்கள் கையில் ஒரே ஆண்டில் வந்து சேரும் பெரும்பணத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளைப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். அந்தத் துணிவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏறும் மூன்றாவது கிளப் எது என்று முடிவு செய்ய வெம்பிளியில் நடக்கும் பிளே ஆஃப் இறுதி ஆட்டத்தை உலகிலேயே அதிகப் பணமதிப்புள்ள ஆட்டம் என்கிறார்களே. வென்ற மறுநாளே அவ்வளவு பணமும் வங்கியில் விழுந்துவிடுமா?

விழாது. 2023 மே மாதம் லூட்டன் டவுன் அணி பெனால்டி உதைகளில் கோவென்ட்ரியை வென்றபோது, அந்த வெற்றியின் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுண்டு என்று டெலாய்ட் நிறுவனம் கணக்கிட்டது. முதல் பருவத்திலேயே இறங்காமல் தப்பினால் 29 கோடி வரை போகும் என்றது. இந்தத் தொகை மூன்று பருவங்களில் பரவிக் கிடப்பது. பிரீமியர் லீக்கில் விளையாடும் ஓராண்டின் வருவாய் அதில் ஒரு பகுதி. இறங்கிய பிறகு வரும் ‘பாராசூட்’ தொகை மறு பகுதி.

கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்புக்கும் லீக்கின் மையப் பங்கீட்டிலிருந்து ஒரு பருவத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லாருக்கும் சமமாகப் பிரிகிறது. கால் பங்கு முடித்த இடத்தைப் பொறுத்தது. மற்றொரு கால் பங்கு எத்தனை ஆட்டங்கள் நேரடியாக ஒளிபரப்பாகின என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு ஒளிபரப்புப் பணத்தின் பெரும்பகுதியும் சமப்பங்குதான்.

பணம் வருவதற்கு முன்பே செலவு வந்துவிடும் என்பது பலர் கவனிக்காத விஷயம். மேலே ஏறினால் இவ்வளவு என்று வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகை எழுதியிருப்பார்கள். அந்த வீரர்களை முன்பு விற்ற கிளப்புகளுக்கும் ‘ஏறினால் கூடுதல் தொகை’ என்று ஒரு வரி இருக்கும். அதனால் ஏறிய ஆண்டின் கணக்கைத் திறந்தால், கொண்டாட்டத்துக்கு நடுவே பெரும் நட்டம் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: பாராசூட் தொகை என்பது எவ்வளவு? எத்தனை ஆண்டுகளுக்கு வரும்?

சமப்பங்காகக் கிடைக்கும் தொகையில், இறங்கிய முதல் ஆண்டு 55 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. ஒரே பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது.

கேள்வி: நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட் 2022-இல் ஒரே கோடையில் இருபதுக்கு மேற்பட்ட வீரர்களை வாங்கியது. எல்லாரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா, அண்ணா?

இல்லை, தம்பி. 23 ஆண்டுகள் கழித்து மேலே வந்த கிளப் அது. ஏற்றிவிட்ட அணியின் முக்கிய வீரர்களில் ஜெட் ஸ்பென்ஸ், ஜேம்ஸ் கார்னர், கீனன் டேவிஸ் உள்ளிட்ட பலர் பிற கிளப்புகளிடமிருந்து ஒரு பருவத்துக்கு இரவலாக வந்தவர்கள். பருவம் முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போனார்கள். கோல்கீப்பர் பிரீஸ் சம்பாவும் விலகினார். அணியே பாதி காலியாகிவிட்ட நிலையில் அவர்கள் என்னதான் செய்திருக்க வேண்டும்? வாங்கினார்கள், 16-ஆம் இடத்தில் முடித்துத் தப்பினார்கள்.

அதற்கான விலையும் பின்னால் வந்தது. அப்போதைய நிதி விதிப்படி, பிரீமியர் லீக் கிளப் மூன்றாண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம், அதாவது ஆண்டுக்கு 3.5 கோடி. கீழ்ப் பிரிவில் கழித்த ஆண்டுக்கோ 1.3 கோடிதான் அனுமதி. ஃபாரெஸ்டின் மூன்றாண்டுகளில் இரண்டு கீழே கழிந்தவை என்பதால் அவர்களின் எல்லை வெறும் 6.1 கோடி. அதை 3.45 கோடி தாண்டினார்கள். பிரென்னன் ஜான்சனை டாட்டனத்துக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். ஆனால் கணக்கு முடியும் ஜூன் 30-க்குப் பிறகு, செப்டம்பர் முதல் நாளில். ஜூனிலேயே விற்றிருந்தால் குறைந்த விலைதான் கிடைத்திருக்கும் என்பது அவர்களின் வாதம். விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகளைப் பறித்தது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏற்கெனவே மேலே இருப்பவனுக்கு 10.5 கோடி, புதிதாக வந்தவனுக்கு 6.1 கோடி என்றால், ஏணியின் கீழ்ப்படிகளை மட்டும் அறுத்து வைத்தது போல இருக்கிறது. தண்டனைக்குப் பிறகும் அந்தப் பருவத்தில் ஃபாரெஸ்ட் தப்பியது. அடுத்த பருவம் ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே போனது.

கேள்வி: அப்படியானால் நிறைய வாங்குவதுதான் சரியான வழியா?

அதையும் சொல்ல முடியாது. 2018-இல் ஃபுல்ஹம் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. ஏறிய கோடையிலேயே அவ்வளவு செலவிட்ட முதல் கிளப் அதுதான். ஷான் மிஷேல் செரி, சாம்போ அங்கிசா போன்ற பேர் பெற்றவர்கள் வந்தார்கள். 26 புள்ளிகளுடன் இறங்கினார்கள். மறு ஆண்டு ஆஸ்டன் வில்லா அதைவிடக் கூடுதலாகவே செலவிட்டு, 35 புள்ளிகளுடன், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பியது. இன்று வில்லாவின் துணிச்சலைப் புகழ்கிறவர்கள், அந்த ஒரு புள்ளி மாறியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் தேடுவது வேறொன்று: இறங்கினால் சம்பளம் தானாகக் குறையும் என்ற வரி வீரர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? செலவிட்ட தொகையைவிட இந்த ஒரு வரிதான் கிளப்பின் நாளைய நிலையை முடிவு செய்கிறது. வீரர் வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதலாம், தவணையிலும் கொடுக்கலாம். சம்பளத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. வாரந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். வருவாய் பாதியாகச் சரிந்த ஆண்டில் சம்பளப் பட்டியல் மட்டும் பழையபடி நின்றால், பாராசூட் தொகை முழுவதும் அதற்கே தீர்ந்துவிடும்.

கேள்வி: இந்தப் பணத்தால் அழிந்தே போன கிளப் ஏதும் உண்டா?

அழியவில்லை, ஆனால் அழிவின் வாசல்வரை போன ஒன்று உண்டு: பிராட்ஃபோர்ட் சிட்டி. 1999-இல் ஏறினார்கள். 2000 மே மாதம், பருவத்தின் கடைசி நாளில், டேவிட் வெதரால் தலையால் முட்டிய ஒரே கோலில் லிவர்பூலை வென்று தப்பினார்கள். கால்பந்தை நேசிக்கும் யாருக்கும் அந்த நாளைப் பற்றிப் படித்தால் மனம் நெகிழும்.

பிறகு வந்தது அந்தக் கோடைக்காலம். தப்பிவிட்டோம், இனி மேலேயே இருப்போம் என்ற நம்பிக்கையில் தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்ட் பணத்தை வாரியிறைத்தார். இத்தாலியரான பெனிட்டோ கார்போனேவுக்கு வாரம் 40,000 பவுண்டு சம்பளம். அந்தக் காலத்தில், அந்த அளவுள்ள கிளப்புக்கு அது தாங்கக்கூடிய தொகையே அல்ல. ரிச்மண்டே பின்னாளில் அதை ‘ஆறு வாரப் பைத்தியக்காரத்தனம்’ என்று சொன்னார். 2001-இல் இறங்கினார்கள். கீழ்ப் பிரிவுகளுக்கு ஒளிபரப்புப் பணம் தரவேண்டிய ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் 2002-இல் கவிழ்ந்தது. அதே ஆண்டு மே மாதம் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2007-இல் நான்காம் பிரிவில் நின்றது.

முதல் ஆண்டில் தப்பிய கிளப்புக்கு இரண்டாம் கோடைக்காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. முதல் ஆண்டில் பயம் கையைப் பிடித்து இழுக்கும். இரண்டாம் ஆண்டில் அந்தப் பயம் இருப்பதில்லை.

கேள்வி: செலவே செய்யாமல் பணத்தைச் சேர்த்து வைத்தவர்கள்?

சேர்த்தது யாருக்காக என்று பார்க்க வேண்டும். 2010-இல் ஏறிய பிளாக்பூல் 39 புள்ளிகள் எடுத்தும் இறங்கியது. அணிக்காகச் செலவிட்டது மிகக் குறைவு. பயிற்சி மைதானமும் பழைய நிலையிலேயே கிடந்தது. உரிமையாளர் குடும்பம் கிளப்பின் பணத்தை முறைகேடாக உறிஞ்சியது என்று 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மற்றொரு பங்குதாரருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. ரசிகர்கள் பல ஆண்டுகள் சொந்த மைதானத்துக்குள் கால் வைக்க மறுத்து வெளியே நின்றார்கள். 2019-இல் உரிமை கைமாறிய பிறகுதான் உள்ளே வந்தார்கள். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேரெதிர் பர்ன்லி. சிறு நகரம். 2014-இல் ஏறினார்கள், அளவாகச் செலவிட்டார்கள், 33 புள்ளிகளுடன் இறங்கினார்கள். ஆனால் பயிற்சியாளர் ஷான் டைச்சை விலக்கவில்லை. மறு ஆண்டே சாம்பியன்களாகத் திரும்பி வந்தார்கள். 2017-இல் புதிய பயிற்சி மையம் திறந்தார்கள். 2018-இல் பிரீமியர் லீக்கில் ஏழாம் இடம்! ஆறு பருவங்கள் மேலேயே இருந்தார்கள். 2020 இறுதியில் உரிமை கைமாறியபோது, வாங்கியவர்கள் வாங்கிய கடனின் ஒரு பெரும் பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. கடனின்றிக் கையில் ரொக்கம் வைத்திருந்த கிளப் அது. இரவெல்லாம் விழித்துச் சேர்த்ததை விடியும் நேரத்தில் வந்து அள்ளிக்கொண்டது போல எனக்குப் பட்டது.

கேள்வி: நான் கணக்குத் தணிக்கை படிக்கும் மாணவி. மைதானம், பயிற்சி மையம், இளையோர் பயிற்சி போன்றவற்றுக்கான செலவு நிதி விதியில் எப்படிப் பார்க்கப்படுகிறது?

நல்ல கேள்வி, தங்கையே. மைதானக் கட்டுமானம், இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, ஊர்ப்பணி ஆகியவற்றுக்கான செலவை நான் மேலே சொன்ன அப்போதைய விதியின் நட்ட எல்லைக் கணக்கிலிருந்து கழித்துவிட முடிந்தது. அதாவது, வீரருக்குக் கொடுத்த ஒரு பவுண்டு எல்லையைத் தின்றது. மைதானத்துக்குக் கொடுத்த ஒரு பவுண்டு தின்னவில்லை. அப்படி இருந்தும் முதல் ஆண்டில் பலர் மைதானத்தைத் தொடுவதில்லை. நாற்காலிகள் கோல் போடாது என்று ரசிகர்களே கூச்சலிடுவார்கள்.

சில செலவுகளைத் தவிர்க்கவும் முடியாது. லூட்டனின் கெனில்வொர்த் சாலை மைதானத்தின் ஒரு பக்க நுழைவாயில், வரிசை வீடுகளுக்கு நடுவே, வீட்டு வாசல் போலவே இருக்கிறது. வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு மேலாகப் படியேறிப் போக வேண்டும். ஒளிபரப்பு வசதிகளுக்காகவும் விளக்குகளுக்காகவும் ஒரு பக்க அரங்கையே மாற்றிக் கட்ட ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு ஆனது. வேலை முடியாததால் பர்ன்லியுடனான முதல் சொந்த மைதான ஆட்டமே தள்ளிப்போனது.

இங்கிலாந்தின் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தின் இணையதளத்தில் எந்தக் கிளப்பின் ஆண்டறிக்கையையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ‘ஆண்டு முடிந்த பிறகு நடந்தவை’ என்ற குறிப்பை முதலில் படியுங்கள். எதிர்கால ஒளிபரப்புப் பணத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அதன் தடயம் சொத்துகள் மீதான அடமானம் பற்றிய குறிப்பில் இருக்கும்.

கேள்வி: லூட்டன் அவ்வளவு கவனமாகச் செலவிட்டும் 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்து இறங்கி மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டதே. கவனத்துக்குப் பலன் என்ன?

இந்தக் கேள்வி என்னையும் வருத்துகிறது. சேமித்தால் தப்பலாம் என்று நான் உறுதி கூற மாட்டேன். 2023-இல் ஏறிய மூவரும் இறங்கினார்கள். 2024-இல் ஏறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூவரும் இறங்கினார்கள். அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. சவுத்தாம்ப்டன் எடுத்தது 12 புள்ளிகள். இப்ஸ்விச் 10 கோடிக்கு மேல் செலவிட்டும் தப்பவில்லை. ஆனால் 1.5 கோடிக்கு வாங்கிய லியம் டெலாப்பை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடியே, இறங்கிய கோடையில் 3 கோடிக்குச் செல்சீ வாங்கியது. அந்தச் செலவில் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது.

லூட்டன் 2009 முதல் 2014 வரை தொழில்முறை லீக்குக்கு வெளியே கிடந்த கிளப். பவர் கோர்ட் என்ற இடத்தில் புதிய மைதானம் கட்டும் திட்டத்தில் இருக்கிறார்கள். அது எழுந்து நின்றால், ஒரே ஒரு பருவம் மேலே இருந்ததன் பயன் அந்த ஊரில் தங்கியிருக்கும்.

கேள்வி: ஏறுவதற்கு முன்பே தயாராக இருந்த கிளப் என்று யாரைச் சொல்வீர்கள்?

பிரென்ட்ஃபோர்டை. 2020-இல் புதிய மைதானம். அதே ஆண்டு ஒல்லி வாட்கின்ஸை வில்லாவுக்கு 2.8 கோடிக்கு விற்று, அதில் மிகச் சிறு பகுதியில் மூன்றாம் பிரிவிலிருந்து மேலேறத் தவறிய பீட்டர்பரோவிடம் ஐவன் டோனியை வாங்கினார்கள். அவர் அடித்த கோல்களே 2021-இல் ஏற்றிவிட்டன. 74 ஆண்டுகளுக்குப் பின் முதல் நிலைப் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்தில் ஆர்சனலை 2-0 என்று வென்றார்கள். பணம் வந்த கோடையில் அவர்கள் தங்கள் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. வீரர் தேடும் முறை முன்பிருந்ததேதான். விலை மட்டும் சற்றுக் கூடியது.

கேள்வி: ரசிகர்களுக்கு இந்தப் பணத்தில் ஏதாவது கிடைத்ததுண்டா?

மற்றவற்றோடு ஒப்பிட்டால் அரிது. மனத்தில் நிற்பது ஹட்டர்ஸ்ஃபீல்ட். 2017-இல் ஏறியபோது, பருவம் முழுவதற்குமான டிக்கெட்டை 199 பவுண்டுக்கே கொடுத்தார்கள். பல ஆண்டுகளாகக் கிளப் கீழே கிடந்தபோதும் டிக்கெட் வாங்கியே வந்தவர்களுக்கு, முன்பு தந்த வாக்குப்படி, 100 பவுண்டு. இரண்டு பருவங்களில் இறங்கிவிட்டார்கள். ஆனாலும் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்ற அந்த அக்டோபர் மாலையில், நூறு பவுண்டு டிக்கெட்டுடன் அரங்கில் நின்ற பெரியவர்கள் இருந்தார்கள்.