வாசகர் கேள்வி – பதில்: படியும் பந்தியும்

பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகளாக இருக்கும் நாங்கள் இருபது பேர் மார்கழி விடுமுறையில், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய நாற்சார் வீட்டில் கூழ் காய்ச்ச இருக்கிறோம். ஒருவன் சக்கர நாற்காலியில் வருவான். தலைவாசலில் மூன்று படி. நாலு பேர் தூக்கினால் சரிதானே?
– வாசகர், வட்டுக்கோட்டை

தூக்கலாம். ஆனால் அன்று எத்தனை முறை தூக்க வேண்டிவரும் என்று எண்ணிப் பாருங்கள்: வரும்போது, மலசலகூடத்துக்குப் போகும்போது, திரும்பி வரும்போது, வீட்டுக்குப் புறப்படும்போது. ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிட வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. மார்கழி மழையில் நனைந்த படியில் தூக்குகிறவர் வழுக்கினால் இரண்டு பேருக்கும் அடி. நாற்காலி மின்கலத்தில் ஓடுவதென்றால் தூக்கும் பேச்சையே விட்டுவிடுங்கள். அதன் பாரம் வேறு. ஆகவே முதலில் அவரையே கேளுங்கள்: எந்த நாற்காலி, என்ன அகலம், தானே உருட்டுவாரா, ஆள் தள்ள வேண்டுமா?

அடுத்தது உயரம். படி ஒன்று 7 அங்குலம் என்றால் மூன்றுக்கும் 21 அங்குலம். தானே உருட்டி ஏறுவதற்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும், அதாவது 21 அடி. பின்னாலிருந்து பலமான ஒருவர் தள்ளுவதென்றால் 14 அடியோடு சமாளிக்கலாம். அதைவிடக் குறைக்க வேண்டாம். ஆளும் நாற்காலியுமாக 90 கிலோ என்று வைத்தால், 21 அடிச் சாய்தளத்தில் தள்ளுகிறவர் கையில் விழுவது ஏழரைக் கிலோ அளவு, 14 அடியில் 11 கிலோ. அவசரத்துக்கு ஏழடிப் பலகையைச் சாத்தினால் அது 22 கிலோவாகும். நாற்காலியும் பின்பக்கம் மல்லாந்துவிடும்.

பலகை வாங்க ஓட முன்பு வீட்டை ஒருக்கால் சுற்றி வாருங்கள். தலைவாசலை உயர்த்திக் கட்டியவர்கள் அடுப்படிப் பக்கத்தைப் பெரும்பாலும் அப்படிக் கட்டவில்லை. அங்கே ஒரு படிதான் இருந்தால் 7 அடியோடு வேலை முடிந்தது. பின்பக்கத்தால் கூட்டிப்போவது மரியாதைக் குறைவாகப் பட்டால் அன்றைக்கு எல்லாரும் அந்த வழியால் போங்கள்.

செய்யும் முறை: 18 மில்லிமீற்றர் பிளைவூட், அகலம் 3 அடிக்குக் குறையாமல். அடியில் நீளவாட்டில் மூன்று 4×2 சட்டம், இரு ஓரத்திலும் நடுவிலும். நடுச்சட்டத்தை மிச்சம் பிடித்தால் பலகை தொய்யும். மூன்றடிக்கு ஒரு முட்டு. இரு ஓரத்திலும் இரண்டங்குல உயரத்துக்கு ரீப்பை அடியுங்கள், சில்லு வெளியே இறங்காது. மேற்பரப்புக்குப் பெயின்ற் அடித்து, ஈரம் காய முன் கழுவிய மணலைத் தூவிவிடுங்கள். சாக்கோ பாயோ விரிக்க வேண்டாம், அது சில்லோடு சேர்ந்து சுருளும். எல்லாரும் கவனிக்காமல் விடுவது அடிமுனையை: பிளைவூட்டின் தடிப்பே முன்சில்லைத் தடுத்து ஆளை முன்னுக்குத் தள்ளிவிடும். முனையைச் சரிவாகச் சீவி, நிலத்தோடு படியும்படி தகரத் துண்டு ஒன்று அடிக்க வேண்டும். மேல்முனையைத் திண்ணைத் தளத்தில் நாலங்குலம் ஏற்றி வைத்து, கீழே பலகைக்கு மேல் நீட்டாதபடி இரண்டு முளை அறைந்தால் பலகை பின்னுக்கு நழுவாது. முதல்நாளே இரண்டு பெரிய ஆட்கள் நடுவில் நின்று பாருங்கள். ஏற்றும்போது நாற்காலி முன்முகமாக, இறக்கும்போது பின்முகமாக. கையை வைக்கும் தாங்கியும் கால்மிதியும் கழன்று வருகிற சாமான்கள், அவற்றைப் பிடித்து இழுக்கக்கூடாது.

இனி வாசல் நிலை. பழைய இரட்டைக் கதவில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தால் நாற்காலி போகாது. இரண்டையும் திறந்து 32 அங்குலம் இருக்கிறதா என்று அளவுங்கள். ஓரிரு அங்குலம் குறைந்தால் கதவைப் பிணைச்சலோடு கழற்றி வைக்கலாம். கீழ்நிலை இரண்டு மூன்று அங்குலம் எழும்பி நிற்கும்; அதற்கு இரு பக்கமும் ஆப்புப் பலகை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஏறின நாற்காலி மற்றப் பக்கம் தொப்பென்று விழும். சாப்பாட்டை முற்றத்தில் வைக்காமல் விறாந்தையில் வையுங்கள், முற்றம் இன்னொரு படி கீழே.

மலசலகூடம் வளவின் பின்கோடியில், குந்தியிருக்கும் மாதிரியானதாக இருக்கும். நடுவில் துளையுள்ள கொமட் கதிரையை வாடகைக்கு எடுத்து மேலே வைக்கலாம். கால்கள் ஈரத்தில் நகராதிருக்க ரப்பர் மூடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போகும் செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு முன்சில்லு புதையும். பலகை விரியுங்கள், இல்லாவிட்டால் நாற்காலியைப் பின்சில்லில் சாய்த்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள்.

அதே கூழுக்கு அளவும் சொல்லுங்கள். போன முறை கைத்தது, அடியும் பிடித்தது.
– அதே வாசகர், வட்டுக்கோட்டை

கைத்தது மாவை ஊறவிடாததால். இருபது பேருக்கு முக்கால் கிலோ ஒடியல்மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மா. நிறையத் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் விட்டால் மா அடியில் படியும். மேல்தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், இரண்டு மூன்று முறை. தண்ணீரை மாற்றாமல் ஊறவைத்தால் கைப்பு மாவிலேயேதான் கிடக்கும்.

கிடாரத்தில் 8 லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு சுண்டு அரிசி, பலாக்கொட்டை. அவை பாதி வெந்ததும் மரவள்ளிக்கிழங்கு ஒரு கிலோ, பயற்றங்காய் அரைக் கிலோ. பிறகு நண்டு ஒரு கிலோ, முள்ளுக் குறைந்த மீன் இரண்டு கிலோ. இறால் ஒரு கிலோவும் கணவாய் அரைக் கிலோவும் கடைசியில். முந்திப் போட்டால் ரப்பராகிவிடும். செத்தல் மிளகாய் முப்பதை உப்போடு அரைத்து, 150 கிராம் பழப்புளிக் கரைசலில் மாவையும் மிளகாயையும் சேர்த்துக் கரைத்து, நெருப்பைத் தணித்து, ஒருவர் ஊற்ற ஒருவர் அகப்பையை எடுக்காமல் துழாவ வேண்டும். அடி பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். முருங்கையிலை இறக்க முன்பு. ஆறினால் இறுகும், ஆகவே அடுப்பில் இருக்கையில் கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும்.

நாளைக் குறிக்க முன்பு திருவெம்பாவை விரதகாரர் யார் என்று கேளுங்கள். சைவக் கூழுக்கு வேறு பானை, வேறு அகப்பை, அதை முதலில் காய்ச்சுங்கள். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பெரிய கிடாரத்திலிருந்து நண்டைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பது உதவாது. கூழ் குடிக்கும் பனையோலைப் பிளாவை ஏந்த இரண்டு கையும் வேண்டும். கை நடுங்குகிறவருக்குக் கைபிடி வைத்த பெரிய கோப்பை ஒன்று இருக்கட்டும்.

பந்தியில் நிலத்தில் இருக்க முடியாத வயதானவர்களுக்கு மூலையில் கதிரை போடுகிறோம். வேறு வழி உண்டா?
– வாசகி, அளவெட்டி

மூலையை விடுங்கள். ஒரு பந்தி முழுவதையும் மேசையில் வையுங்கள். முழங்கால் நோகிறவரும் அவருடைய பேரப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரும் இருந்தால், அது உள்ளே போக மேசைக்குக் கீழே 28 அங்குல உயரம் வேண்டும், குறுக்குச் சட்டம் முழங்காலில் இடிக்கக்கூடாது. மேசை ஓரத்தில் ஒரு கதிரையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அவர் வந்த பிறகு நாலு பேர் எழும்பி இடம் விட்டால் அவருக்குத்தான் கூச்சம்.

எங்கள் ஊர் மடத்தில் நிரந்தரச் சாய்தளம் கட்டக் கேட்டால் பழைமை கெட்டுவிடும் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், சாவகச்சேரி

இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் அணுகு வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆனால் மடத்துச் சபையிடம் சட்டப் புத்தகத்தோடு போவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அளவோடும் படத்தோடும் போங்கள்.

பழைமை கெடும் என்ற பயமும் முற்றிலும் பிழையல்ல. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரோடு சீமெந்துச் சாய்தளத்தை ஒட்டிக் கட்டினால் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். பூச்சு உப்புப் பூத்து உதிரும். ஆகவே சுவரிலிருந்து இரண்டங்குலம் விலக்கித் தனியாக நிற்கும்படி கட்டுங்கள், அந்த இடைவெளியில் மழைத்தண்ணீர் ஓட வழி விடுங்கள். படியை உடைக்கத் தேவையில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் 5 அடிக்கு 5 அடி சமதளம், 30 அடிக்கு ஒரு தரிப்பு, இரு பக்கமும் கைபிடி. மேசனிடம் பளபளவென்று பூச வேண்டாம், தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்து விடச் சொல்லுங்கள். தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள கட்டடமாக இருந்தால் அவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக்கூடாது.

வெளிநாட்டிலிருக்கும் மகன் தன் பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கப் பணம் அனுப்பியிருக்கிறார். எப்படிக் கொடுப்பது?
– வாசகி, மானிப்பாய்

முதலில் இல்லத்துக்கு அழைத்து அந்த நாள் வெறுமையாக இருக்கிறதா என்று கேளுங்கள். தைப்பொங்கல், தீபாவளி என்றால் ஒரே நாளில் பலர் கொண்டுவருவார்கள், மாலையில் சோறு வாளியில் போகும். அடுத்த கிழமை யாரும் வரமாட்டார்கள். சமைத்துக் கொண்டுபோவதென்றால் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. முதியவர்களுக்குப் பத்துப் பேர் என்றும் போடலாம். சோறு குழைவாக, உறைப்பும் உப்பும் குறைவாக, சலரோகக்காரருக்குப் பாயசம் புறம்பாக. பாற்கறியைக் கடைசியில் இறக்குங்கள். எங்கள் வெக்கையில் இரண்டு மணி நேரம் தாண்டினால் பழுதாகத் தொடங்கும், அதில் முதலில் போவது தேங்காய்ப்பால் சேர்ந்ததும் சம்பலும்தான். சுடுசோற்றை இறுக்கிக் கட்டிப் பார்சலாக்கினாலும் அதே கதை.

தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் வாங்குகிறவரை யாரும் பெயர் கேட்பதில்லை, படம் எடுக்க நிற்கச் சொல்வதில்லை. இல்லத்திலும் மகனுக்கு அனுப்பச் சாப்பாட்டைப் படம் எடுங்கள், சாப்பிடுகிறவர்களை வேண்டாம். மிச்சப் பணம் இருந்தால் குளியலறைச் சுவரில் ஒரு கைபிடிக் கம்பி பூட்டித் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் எங்கள் சிநேகிதி, சாய்தளத்துக்கு ஆன செலவைத் தானே தருவதாக நிற்கிறாள். வாங்கலாமா?
– வாசகி, கோப்பாய்

பலகைக் காசைக் கூட்டுச் செலவில் போடுங்கள். மீனும் விறகும் எந்தக் கணக்கோ அதே கணக்கு. ஆளுக்கு எவ்வளவு வருகிறதோ அந்தப் பங்கை அவரிடமும் வாங்குங்கள். அவருடைய பங்கை மட்டும் வேண்டாம் என்று தள்ளினால் அடுத்த முறை வரத் தயங்குவார். பலகையை விறகாக்கிவிடாமல் ஒருவர் வீட்டில் நனையாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்; ஸ்க்ரூவில் பூட்டியிருந்தால் கழற்றி மடக்குவது சுகம், ஆணி அடித்திருந்தால் கழற்றும்போது சட்டம் பிளக்கும்.