சூரியனா, புகையா? காலநிலைக் கேள்வி பதில்

பூமி ஏன் சூடாகிறது என்று போன மாதம் வாசிகசாலையில் நான் பேசினாலும் பேசினேன், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன், முற்றத்தில் மழைமானி வைத்துக் கொப்பி எழுதுகிறவன். என் தகுதி அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சேர், காற்றில் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 0.04 பங்குதானே? அந்தத் துளி எப்படிப் பூமியைச் சூடாக்கும்?

நல்ல கேள்வி மகள். வெள்ளை உடுப்பு அலசும் வாளியில் அம்மா எத்தனை சொட்டு நீலம் விடுகிறா? இரண்டு, மூன்று. முழு வாளியும் நிறம் மாறுகிறது. வாளியில் மிச்சமெல்லாம் தண்ணீர்தான், ஆனால் தண்ணீருக்கு நிறத்தில் பங்கில்லை. காற்றிலும் அப்படித்தான். நைதரசனும் ஒட்சிசனும் நூற்றுக்கு 99 பங்கு. ஆனால் நிலமும் கடலும் மேலே விடும் வெப்பக் கதிரை அவை பிடிப்பதில்லை, போகவிட்டுவிடும். பிடிப்பவை நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற சில வாயுக்கள்தான்.

இது நேற்று வந்த கதையில்லை. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு இருந்த உருளை மற்றவற்றைவிடக் கூடச் சூடானது, ஆறவும் நேரம் எடுத்தது. 1859இல் ஜோன் டின்டல் எந்த வாயு வெப்பக் கதிரைப் பிடிக்கிறது என்று அளந்தே காட்டினார். டின்டலைத் தெரிந்தவர்கள் பலர், ஃபூட்டைத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்களாவது எழுதி வையுங்கள். தொழிற்சாலைகளுக்கு முன் காற்றில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வாளியில் நீலம் ஒன்றரை மடங்கு.

வாழைச்சேனை, மீனவர்: 1978 சூறாவளியும் இந்தக் காபனால் வந்ததா?

இல்லை என்றுதான் சொல்வேன் அண்ணன். வங்காள விரிகுடாவில் சூறாவளி எப்போதும் உண்டு. நவம்பர் 23 இரவு அடித்து ஓய்ந்த பிறகு, எங்கள் வளவுத் தென்னைகள் ஒரே திசையில் தலைசீவி விட்டதுபோலக் கிடந்ததை நானும் பார்த்தவன்தான். ஒரு புயலைக் காட்டி 'இது காபன்' என்று கைநீட்ட முடியாது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலாக நீராவி சுமக்கும். ஆகவே வரும் புயல் கொட்டும் மழை கூடும். அதுதான் மாற்றம்.

எனக்கு ஒரு பழக்கம், எல்லாருக்கும் இதைச் சொல்வேன்: நினைவை நம்பாதீர்கள், எழுதி வைத்ததை நம்புங்கள். 'அந்தக் காலத்தில் மாரி இப்படியா பெய்தது' என்பது தாத்தாவும் சொன்னதுதான்.

செங்கலடி, ஓய்வுபெற்ற பொறியியலாளர்: அந்தாட்டிக் பனியைத் துளைத்துப் பார்த்ததில் வெப்பம் முதலில் கூடுகிறது, காபனீரொட்சைட்டு சில நூற்றாண்டு பிந்தியே கூடுகிறது. பின்னால் வருவது எப்படி முன்னால் வந்ததற்குக் காரணமாகும்? சூரியனை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தேன்.

பனியுகம் முடிந்த காலங்களில் அந்தாட்டிக்காவில் வெப்பம் முந்தியது உண்மை. தொடக்கி வைத்தது பூமியின் சுற்றுப்பாதை. சேர்பியர் மிலான்கோவிச் கணக்குப் போட்ட சுழற்சிகள் அவை: ஏறக்குறைய 23,000, 41,000, 100,000 ஆண்டுகள். வெயில் விழும் இடமும் பருவமும் மாற, கடல் மெல்லச் சூடாகியது. சோடாப் போத்தலை வெயிலில் வைத்துத் திறந்தால் என்ன நடக்கும்? சூடான கடலும் அப்படித்தான் காபனீரொட்சைட்டை வெளியே விட்டது. விட்ட வாயு இன்னும் சூடாக்கியது. தீக்குச்சி கிழித்தது பாதை, விறகு போட்டது வாயு.

இப்போது நடப்பது வேறு. கடல் இன்று வாயுவை விடவில்லை, நாம் விடுவதில் ஏறக்குறைய கால்பங்கை விழுங்குகிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. காற்றில் ஒட்சிசனும் மிகச் சிறு அளவில் குறைகிறது. எதையோ எரிக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? காபனில் சில வகைகள் உண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் காபன்-14 என்ற வகை கிடையாது, காபன்-13 என்ற வகையும் குறைவு. காற்றில் கூடிவரும் காபனிலும் அதே அடையாளம் தெரிகிறது.

சூரியனுக்கு வருவோம். 1978இலிருந்து செய்மதிகள் அளக்கின்றன. பதினொரு வருடச் சுழற்சியில் சூரியனின் பலம் ஏறி இறங்குவது நூற்றுக்கு 0.1 பங்களவு. நீண்டகால ஏற்றம் எதுவும் இல்லை. பூமியின் சூடு மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அதே பொறியியலாளர், மறுநாள்: செய்மதி நாற்பது சொச்ச வருடம்தானே? சூரியன் வேறு வழியில் வேலை செய்யலாம்.

செய்யலாம் ஐயா. அப்படியானால் அதன் கைரேகை எங்கே? வெயில் கூடியிருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் நாம் இருக்கும் கீழ்ப்படை சூடாகிறது, அதற்கு மேலே இருக்கும் படைமண்டலம் குளிர்கிறது. வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்களின் போர்வை கீழே தடித்தால்தான் அப்படி நடக்கும். பகலைவிட இரவின் குளிர் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. இரவில் சூரியனுக்கு என்ன வேலை?

ஒலுவில், வாசகர்: கடல் எங்கள் வளவுக்குள் வந்துவிட்டது. கடல்மட்டம் உயர்ந்ததாலா?

முழுப் பழியையும் அங்கே எழுதாதீர்கள் தம்பி. உலகக் கடல்மட்டம் இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் உயர்கிறது. உங்கள் தென்னந்தோப்பு போன வேகம் அதுவல்ல. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்குக் கட்டிய அலைதாங்கி அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை தின்னப்பட்டது. காலநிலை என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் அந்தச் சொல் சிலருக்கு வசதியாக இருக்கிறது.

காத்தான்குடி, வியாபாரி: எங்கள் ஊரில் வீடு, வீதி, கொங்கிறீட் எல்லாம் நெருங்கிவிட்டன. வெப்பமானி காட்டுவது அந்தச் சூட்டைத்தானே சேர்?

பாதி சரி காக்கா. என் கதையே இருக்கிறது. என் கொப்பியில் ஒரு வருடம் வெப்பநிலை திடீரென்று ஏறியது. 'பார்த்தாயா, காலநிலை மாற்றம்' என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் வெளியே வந்து பார்த்துவிட்டு, 'முற்றத்துக்குச் சீமெந்து போட்டது எப்ப?' என்று கேட்டாள். வெப்பமானி தொங்கியது அந்தச் சீமெந்துக்கு நேர் மேலே. கச்சான் காற்று வீசும் நாளில் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

அறிவியலாளர்களும் அப்படிப்பட்ட இடங்களைத் திருத்தித்தான் கணக்கெடுக்கிறார்கள். அதோடு கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் போயிருப்பது கடலுக்குள். கடலில் யார் சீமெந்து போட்டது?

திருக்கோவில், அக்கரைப்பற்று, ஏறாவூர், இன்னும் மூவர்: காலநிலை முன்பும் மாறியதுதானே?

மாறியது. மேலே பொறியியலாளருக்கு எழுதியதைப் படியுங்கள். முன்பு மின்னல் பட்டும் காடு எரிந்தது, அதற்காக இன்று தீ வைத்தவனை விடலாமா?

பொத்துவில்: எரிமலைகள்தானே அதிகம் விடுகின்றன?

நாம் விடும் காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டால் எரிமலைகள் விடுவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய வெடிப்பு பூமியைக் குளிர்விக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு உலகச் சராசரி ஏறக்குறைய அரைப் பாகை இறங்கி, பிறகு பழைய நிலைக்கு வந்தது.

கல்முனை: ஓசோன் ஓட்டை வழியாகத்தானே வெப்பம் வருகிறது?

இல்லை. அது வேறு பிரச்சினை. ஐந்தாவது தடவையாகச் சொல்கிறேன்.

கல்லடி: சுனாமியும் காலநிலை மாற்றமா?

நிலநடுக்கம்.

ஏறாவூர், இன்னொருவர்: காலநிலை முன்பும்...

அடுத்தது.

வவுணதீவு, விவசாயி: பெரும்போகத்துக்கு எப்ப விதைக்கலாம் ஐயா? மழை எப்ப வரும்?

அதை என்னிடம் கேட்காதீர்கள். வானிலை அவதான நிலையத்தின் அறிவிப்பைக் கேளுங்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டை விதானை (வயல்களைப் பார்க்கும் பொறுப்பாளர்) சொல்லும் திகதியையும் கேளுங்கள். நான் சாத்திரி இல்லை.

செங்கலடிப் பொறியியலாளர், மூன்றாவது கடிதம்: படைமண்டலம் குளிர்வது ஓசோன் குறைந்ததாலும் இருக்கலாம் அல்லவா?

இதுதான் கேள்வி! ஆம், ஓசோனுக்கும் பங்குண்டு, கீழ்ப்பகுதியில் கணிசமான பங்கு. கல்முனைத் தம்பி இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா' என்று எழுதப்போகிறார். எழுதாதீர்கள் தம்பி, ஓசோன் குறைவது மேலே குளிர்விக்கும், கீழே இவ்வளவு சூட்டைத் தராது. மேற்பகுதி குளிர்வதில் காபனீரொட்சைட்டின் கை பெரியது. ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஓசோன் மெல்லத் தேறிவருகிறது, மேற்பகுதி இன்னும் குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஐயா, சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். வரைபடங்களை விரித்துவைத்துச் சண்டை பிடிப்போம். வெப்பமானி இப்போது மாமர நிழலில் தொங்குகிறது, அதையும் பார்க்கலாம்.